எண்ணெய் வேண்டாம்

ரேஷன் கடை வரிசையில் நிற்கக் கூடாது என்று சத்தியத்தில் எங்கேயும் இல்லை. வெள்ளியங்கிரி அதை மனதுக்குள் இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். அரிசி வாங்கலாம், சர்க்கரை வாங்கலாம், துவரம் பருப்பு வாங்கலாம், அதற்கெல்லாம் யாரும் கற்பூரம் அடிக்கவில்லை. முன்னால் பதினாறு பேர் நின்றார்கள். கடைச் சுவரில் சாய்த்து வைத்திருந்த கரும்பலகையில் அன்றைய இருப்பைச் சாக்பீஸால் எழுதியிருந்தார்கள்: அரிசி, சர்க்கரை, பருப்பு, கடைசியாகப் பாமாயில். கடைசிச் சொல்லை மட்டும் யாரோ கை வைத்து லேசாகத் தேய்த்திருந்தார்கள், ஆனாலும் படிக்க முடிந்தது. அதைப் பார்க்காமல் இருக்க முயன்று அவர் மேலே கூரையைப் பார்த்தார், அப்புறம் தன் வலது கட்டைவிரலைப் பார்த்தார். இந்த விரலுக்காகத்தான் வந்திருக்கிறார். போன வாரம் வாணலியில் எண்ணெய் தெறித்து மனைவி மயிலாத்தாளின் கட்டைவிரலில் கொப்புளம் போட்டுத் தோல் உரிந்துவிட்டது. அவள் விரலை வைத்தால் எந்திரம் ரேகையை எடுக்காது. அட்டையில் பேர் இருக்கிற இன்னொரு ஆள் அவர் ஒருவர்தான். ஒரு வருடமாகக் கடைக்கு அவள்தான் போய்வந்தாள், ஆள் இல்லாத மத்தியானமாகப் பார்த்து, பையின் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடிக்கொண்டு. இன்றைக்குக் காலையில் பையை அவர் கையில் கொடுத்து, "அரிசி போடறப்ப மூட்டையோட அடில இருக்கறதப் போடாமப் பாத்துக்குங்க" என்றாள். அவர் செருப்பை மாட்டும்போது, சுவரைப் பார்த்துக்கொண்டு, "அதையும் வாங்கிட்டு வந்துருங்க. உளுந்து ஊறப் போட்டுட்டேன்" என்றாள். அது. இந்த ஒரு வருடத்தில் அந்த வீட்டில் அதன் பேரை யாரும் சொன்னதில்லை.

உளுந்து எதற்கு ஊறுகிறது என்றால் சாயங்காலக் கூட்டத்துக்கு. அறுபது பேருக்கு வடை, தென்னை விவசாயிகள் சங்கச் செயலாளரான அவர் வீட்டுப் பொறுப்பு. ஐந்து மணிக்கு விநாயகர் கோயில் முன்னால் பந்தல், வெற்றி விழா என்று நோட்டீஸே அடித்துவிட்டார் தலைவர் ஆறுச்சாமி. போன வருடம் இதே மாதம் இதே கோயில் முன்னால்தான் நூற்றுப் பன்னிரண்டு குடும்பம், தேங்காய் விலையை அடிக்கிற பாமாயிலை இனி வாங்குவதில்லை என்று, கற்பூரத்தில் கை வைத்தது. முதல் கை வெள்ளியங்கிரியுடையது. வாசகத்தை எழுதியதும் அவர்தான், நாற்பது பக்க நோட்டில், அடித்துத் திருத்தி மூன்று தடவை. எங்கள் வீட்டு அடுப்பில் வெளிநாட்டு எண்ணெய் ஏறினால் எங்கள் மரத்துக் குருத்து சாயட்டும். அந்தக் கடைசி வரி வேண்டாம் என்று ஆறுச்சாமியே சொன்னார். "ஏனப்பா, எண்ணெ வாங்க மாட்டோம்னு சொன்னாப் போதாதா, மரத்த எதுக்கு இழுக்கற?" வெள்ளியங்கிரிதான் ஒற்றைக் காலில் நின்றார். வெறும் பேச்சு என்றால் எட்டாம் நாளே ஜனம் வாங்கிவிடும், பயம் இருந்தால்தான் நிற்கும் என்றார். பயத்தைப் பற்றி அவருக்கு அன்றைக்கு என்ன தெரியும். இப்போது நினைத்தால் அந்த வரியை எழுதிய நேரத்தில் பேனா மை தீர்ந்து, உதறி உதறி எழுதியது ஞாபகம் வருகிறது. அப்போதாவது விட்டிருக்கலாம். மரம் இல்லாதவர்களும் சத்தியம் செய்தார்கள், காலனியில் இருந்து முப்பது குடும்பம். மரமே இல்லாதவனுக்குக் குருத்து எங்கே சாயும்? அவர்களுக்காகத் தனியாக ஒரு விதி போட்டார்கள், அதையும் இதே நோட்டில் இதே கைதான் எழுதியது: சத்தியம் செய்யாதவர்களுக்குச் சங்கத்துத் தோப்புகளில் வேலை இல்லை, செய்து மீறினால் கூட்டத்தில் பேர் படிக்கப்படும், எட்டு நாள் யாரும் வேலைக்குக் கூப்பிடக் கூடாது. இதுவரை இரண்டு பேருடைய பேரைப் படித்தாகிவிட்டது. இரண்டுமே காலனிப் பேர். படித்தது அவர் குரல்தான். குரல் நன்றாக இருக்கிறது என்று சொன்னார்கள்.

"என்னங்க பண்ணாடி, நீங்களே வந்துட்டீங்க?"

பின்னால் நாகமணி. எப்போது வந்து நின்றாள் என்று தெரியவில்லை. அவருடைய தோப்பில் பதினான்கு வருடமாகக் காய் பொறுக்குகிறாள், மட்டை இழுக்கிறாள், காலையில் முதல் ஆளாக வந்து வீட்டுப் புறவாசலைக் கூட்டிவிட்டுத்தான் தோப்புக்குப் போவாள். கையில் ஒயர் கூடை, அதற்குள் மடித்த சாக்குப் பை.

"அம்மாவுக்குக் கை சரியில்லீல்ல. ரேகை விழுகாது" என்றார், மயிலாத்தாளை அவள் கூப்பிடுகிற மாதிரியே.

"ஆமாங்க, எண்ணெ தெறிச்சுருச்சுன்னாங்க" என்றாள் நாகமணி.

எந்த எண்ணெய் என்று அவள் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை? யாராக இருந்தாலும் கேட்க மாட்டார்கள், எண்ணெய் தெறித்தது என்றால் எண்ணெய் தெறித்தது, அவ்வளவுதான். தோப்புக்காரன் வீட்டில் தெறிப்பது தேங்காய் எண்ணெய் என்று யாரும் நினைத்துக்கொள்வார்கள். அப்படித்தான் நினைத்திருப்பாள். சத்தியம் எடுத்த முதல் மூன்று மாதம் அப்படித்தான் இருந்தது. பிறகு ஒரு நாள் பீன்ஸ் பொரியலில் வாசம் இல்லை. ஒரு வாய் போட்டதுமே நாக்கு நின்றது. ஐம்பத்தேழு வருடம் ஒரே எண்ணெயில் வளர்ந்த நாக்கு, அதை ஏமாற்ற முடியாது. மயிலாத்தாள் ரசத்தைக் கலக்கிக்கொண்டிருந்தாள், கலக்க வேண்டியதற்கு மேலும் கலக்கினாள். அவர் கேட்டிருக்கலாம். கேட்டால் அவள் சொல்லியிருப்பாள்: வீட்டுச் செலவுக்கென்று எடுத்து வைத்த கொப்பரையையும் சேர்த்து வியாபாரிக்கு ஏற்றிவிட்டது யார்? விலை ஏறிவிட்டது, இப்போது விற்காமல் எப்போது விற்பது என்று மூட்டையைத் தைத்தது யார்? தென்னந்தோப்பு வைத்திருக்கிறவன் கடையில் போய்த் தேங்காய் எண்ணெய் வாங்குவதா என்று கேட்டது யார்? எல்லாவற்றுக்கும் பதில் அவருக்குத் தெரிந்திருந்ததால் கேள்வியை விட்டுவிட்டு, "பொரியல் நல்லா இருக்குது" என்றார். அந்த ஒரு வார்த்தையில் இரண்டு பேரும் மாட்டிக்கொண்டார்கள். அன்றிலிருந்து தினமும் ஏதோ ஒன்று நல்லா இருக்குது. காலிப் பாக்கெட்டை மட்டும் அவள் வெளியே போடுவதில்லை. தீர்ந்த அன்று ராத்திரியே வெந்நீர் அடுப்புக்குள் செருகிவிடுகிறாள், காலையில் தீயோடு எரிந்துவிடும். அன்றைக்குப் பல் துலக்கும்போது மட்டைப் புகையோடு ஒரு ரப்பர் வாடை வரும். அவர் வாயைக் கொப்பளித்துக்கொண்டே மூச்சை அடக்கிக்கொள்வார். அதோடு அந்த மாதத்துக் கணக்கு முடிந்தது. யாருக்கும் தெரியாது.

வரிசை இரண்டு அடி நகர்ந்தது. கடைவீதித் தையல்காரர் சம்சாரம் ஜமீலா மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டு வெளியே வந்தவள் அவரைப் பார்த்துவிட்டாள். தோப்பும் இல்லை, தோப்பு வேலையும் இல்லை, அவளுக்கு எந்தச் சத்தியமும் இல்லை.

"அட, சங்கத்துக்காரரு வந்திருக்காரு! எல்லாரும் பாமாயில ஒளிச்சு வையுங்கடி" என்றாள். வரிசையில் சிரிப்பு ஓடியது. "ஏண்ணா, நீங்க வேண்டாங்கறதயெல்லாம் எனக்கே போடச் சொல்லுங்கண்ணா. ஆறு பேரு திங்கற குடும்பம். உங்க சத்தியத்துல எங்க வீட்டுல பூரி சுட்டுக்கறோம்."

"சுடு, சுடு" என்றார் வெள்ளியங்கிரி. சிரித்தார் என்றுதான் நினைக்கிறார்.

விளையாட்டுக்குச் சொன்னாலும் சரியாகத்தான் சொன்னாள். நூற்றுப் பன்னிரண்டு பாக்கெட் இங்கே நின்றுவிட்டால் அது கப்பல் ஏறித் திரும்பிப் போகுமா? அந்தப் பக்கம் ஒரு வீட்டில் பூரியாகும். அந்த எண்ணெய் வருகிற கப்பலை அவர் பார்த்ததில்லை. பேப்பரில் படம் பார்த்திருக்கிறார், நம் ஊரையே உள்ளே வைத்துவிடலாம் போல நீளம், வயிறு முழுக்க எண்ணெய். அதன் அடியில் நூற்றுப் பன்னிரண்டு பாக்கெட்டை ஊற்றினால் இரும்பு நனையக்கூட நனையாது. நனையாத இரும்புக்காக ஒரு வருடம். போன மாதம் கமிட்டிக் கூட்டத்தில் டீயோடு பிஸ்கட் வைத்தார்கள். ஆறுச்சாமி உலகச் சந்தையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார், வெள்ளியங்கிரி சும்மா இருந்த கையோடு கண்ணாடியைப் போட்டுப் பிஸ்கட் உறையைப் படித்தார். எறும்பு எழுத்து. கோதுமை மாவு, சர்க்கரை, அப்புறம் அது. உறையை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். வாயில் இருந்ததை என்ன செய்வது, விழுங்கினார். வீட்டுக்கு வந்து குளிக்கிற சோப்பின் உறையைப் பார்த்தார், பேக்கரி ரொட்டியின் உறையைப் பார்த்தார். அதன் பிறகு பார்ப்பதை நிறுத்திவிட்டார். உடம்பு முழுக்க உள்ளும் புறமும் அது இருக்கிறது, அடுப்பில் மட்டும் ஏறக் கூடாதாம். ஆனாலும், என்று அவருக்குள் ஒருவர் எப்போதும் எழுந்து நின்று கையைத் தூக்குவார், அந்த ஆள் சங்க உறுப்பினர் மாதிரியே பேசுவார், ஆனாலும் விலை ஏறியதா இல்லையா?

ஏறியது. அதுதான் சாயங்கால விழா. காய் விலை ஏறியது, கொப்பரை விலை ஏறியது, நாம் வாங்க மறுத்தோம் அரசாங்கம் அசைந்தது சந்தை நிமிர்ந்தது என்று ஆறுச்சாமி நோட்டீஸில் போட்டிருக்கிறார். ஏன் ஏறியது என்று தோப்புக்குள் நடந்து பார்த்தவனுக்குத் தெரியும். காய் இல்லை. வெள்ளை ஈ பாதியைத் தின்றது, மழை இல்லாத இரண்டு வருடம் கால்வாசியைத் தின்றது, மீதியை வேர்வாடல் நோய் தின்கிறது. எல்லார் மரமும் சாகிறதால் விலை ஏறியிருக்கிறது. சாவு வீட்டில் மாலைக்கு விலை ஏறின மாதிரி. அதைக் கூட்டத்தில் எழுந்து சொல்ல முடியுமா? ஒருத்தன் மடியில் கட்டிக்கொண்டு போவதற்கு ஒரு வெற்றி வேண்டியிருக்கிறது. அவர் தோப்பில் தென்மேற்கு மூலையில் முதலில் ஒரு மரம். மட்டைகள் உள்பக்கமாக வளைந்து விலா எலும்பு மாதிரி ஆயின, கீழ்வரிசை மஞ்சளித்தது, கடைசியில் நடுக்குருத்து அழுகி ஒரு பக்கமாகச் சாய்ந்து தொங்கியது. குருத்து சாயட்டும். அவர் அந்த மரத்தடியில் நின்று தன் வாசகத்தைத் தானே ஒரு வார்த்தை விடாமல் கேட்டார். வேளாண்மை அலுவலகத்து அம்மா வந்து பார்த்தாள், இது பூச்சி கொண்டுவருகிற நோய், மலைக்கு அந்தப் பக்கம் இருந்து வந்து பல வருடம் ஆகிறது, உங்கள் தோப்புக்கு இப்போதுதான் வந்திருக்கிறது என்று தெளிவாகச் சொன்னாள், சிவப்புப் பெயிண்டால் வெட்ட வேண்டிய மரத்தில் வட்டம் போட்டாள். அவர் தலையை ஆட்டினார். படித்தவர், பேப்பர் படிக்கிறவர், பூச்சிதான் என்று அவருக்கும் தெரியும். ஆனால் பொரியலில் வாசம் இல்லாத நாள் ஆடி மாதம் இரண்டாம் வெள்ளி, முதல் மரம் சாய்ந்தது ஆவணியில். இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. மயிலாத்தாளிடம்கூட. முக்கியமாக மயிலாத்தாளிடம். சொன்னால் அவள் அடுப்பை நிறுத்திவிடுவாள், அதற்கப்புறமும் மரம் சாய்ந்தால் என்ன செய்வது? அது இன்னும் மோசம். பூச்சி என்றால் எல்லாருக்கும் பூச்சி, சத்தியம் என்றால் அவருக்கு மட்டும். இப்போது முப்பத்தோரு வட்டம். ஆறுச்சாமி தோப்பிலும் வட்டம் இருக்கிறது. அப்படியானால் ஆறுச்சாமி வீட்டு அடுப்பிலும்? இந்த யோசனை வரும்போது மட்டும் ஒரு சின்ன ஆறுதல், உடனே அதைப் பற்றி ஒரு அருவருப்பு.

சாயங்காலம் மறுபடியும் கை வைக்க வேண்டும். இரண்டாம் வருடச் சத்தியம், அதே வாசகம், முதல் கை செயலாளருடையது. கற்பூரத்துச் சூடு உள்ளங்கையில் இப்போதே தெரிந்தது. வைக்காமல் இருக்க வழி இருக்கிறதா? காய்ச்சல் என்று படுத்துக்கொள்ளலாம். கடைசி வரியை எடுத்துவிடலாம் என்று ஒரு திருத்தம் கொண்டுவரலாம். ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்று ஒருவன் கேட்டால் போதும், முகம் காட்டிக்கொடுத்துவிடும்.

"மெல்லப் போங்க, கல்லு கெடக்குது" என்றாள் நாகமணி. அவர் பார்க்காமலே தாண்டினார். இன்னும் நாலு பேர். வெயில் ஏறிவிட்டது. அவள் கூடையிலிருந்து கைக்குட்டையில் முடிந்த எதையோ எடுத்து வாயில் போட்டாள், பொரிகடலை. மார்கழியில் ஒரு நாள் தோப்பில் அவள் சாப்பிடும்போது அவர் அந்தப் பக்கம் போக நேர்ந்தது. சோறு, அதன் மேல் தாளிக்காத புளித்தண்ணி, நெருப்பில் வாட்டிய கருவாடு ஒன்று. வாணலி வைக்கிறதில்லையா என்று கேட்டுவிட்டார், ஏதோ பேச்சுக்கு. "எண்ணெ இல்லாமத் திங்கறதுதான் ஒடம்புக்கு நல்லதுன்னு ஆஸ்பத்திரில சொல்றாங்கல்லங்க. காசு குடுக்காம வைத்தியம் பாத்த மாதிரி ஆச்சு" என்று சிரித்தாள். அவரும் சிரித்துவிட்டு நகர்ந்தார். அன்றைக்கு வீட்டில் வாழைக்காய் வறுவல். கப்பலின் இரும்பை நனைக்காத சத்தியம் அந்த வாணலியை மட்டும் காய வைத்திருந்தது. வித்தியாசமே இல்லை என்று யார் சொன்னது. இருக்கிறது, அது இங்கேதான் அவருக்குப் பின்னால் பொரிகடலை மென்றுகொண்டு நிற்கிறது. இந்த யோசனை வரும் என்று தெரிந்துதான் இவ்வளவு நேரமும் கப்பலையும் பிஸ்கட்டையும் சுற்றி வந்தாரோ என்னவோ.

அவர் முறை வந்துவிட்டது. கவுண்டருக்குள் விற்பனையாளர் தர்மலிங்கம் அட்டையை எந்திரத்தில் காட்டினார், கட்டைவிரலை வைக்கச் சொன்னார். முதல் தடவை எடுக்கவில்லை. வேட்டியில் துடைத்துவிட்டு வைத்தார், எடுத்தது. பச்சை விளக்கு. தர்மலிங்கம் நல்ல மனுஷன், குரலைத் தாழ்த்தி, தலையைக் கொஞ்சம் முன்னால் நீட்டித்தான் கேட்டார்.

"வழக்கம்போலயாங்க?"

தாழ்த்திய குரல் எவ்வளவு தூரம் போகும்? ஒரு கை தூரம் போகும். நாகமணி ஒரு கை தூரத்தில்தான் நின்றாள். போடுங்க என்று சொன்னால் முடிந்தது. ஒரு வருடம் முடிந்தது, சாயங்காலம் கை வைக்க வேண்டியதில்லை, நோட்டை ஆறுச்சாமி மடியில் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து படுத்துக்கொள்ளலாம். சொல்லத்தான் வாயைத் திறந்தார். அவருக்கே அது சத்தியமாகத் தெரியும், சொல்லத்தான் திறந்தார்.

"எண்ணெய் வேண்டாம்" என்றது வாய். கூட்டத்தில் பேர் படிக்கிற குரல், வரிசையின் கடைசி வரைக்கும் கேட்டது.

தர்மலிங்கம் ஒரு நொடி பார்த்தார். பிறகு அரிசியையும் சர்க்கரையையும் பருப்பையும் போட்டார். மூட்டையின் அடியில் இருந்ததா மேலே இருந்ததா என்று அவர் கவனிக்கவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு இரண்டு எட்டு வைத்திருப்பார்.

"எனக்கு ஒரு பாக்கெட்டு பாமாயில் போடுங்க" என்றாள் நாகமணி.

அவளும் உரக்கத்தான் சொன்னாள். "ஏ நாகமணி, முன்னால யாரு போறாருன்னு பாத்துச் சொல்லுடி" என்று ஒருத்தி கிசுகிசுத்தாள். "பாத்துத்தான் சொல்றேன்" என்றாள் நாகமணி. தர்மலிங்கம் அவளைப் பார்க்காமல் வெள்ளியங்கிரியைப் பார்த்தார், அனுமதி கேட்கிற மாதிரி. எல்லாரும் அவர் முதுகைப் பார்க்கிறார்கள் என்று முதுகுக்குத் தெரிந்தது. திரும்பி ஒரு வார்த்தை சொல்லலாம். என்ன வார்த்தை? அவர் பையைத் தோள் மாற்றிக்கொண்டார். பாக்கெட் கவுண்டர் பலகையில் விழுகிற சத்தம் கேட்டது, ஈரத்துணியை அறைந்த மாதிரி.

ரோட்டோரம் வேப்பமரத்தடியில் சைக்கிளை வைத்திருந்தார். கேரியரில் பையைக் கட்ட, கயிறு முடிச்சு விழவில்லை. பின்னால் செருப்புச் சத்தம் வந்து நின்றது.

"உளுந்து ஊறப் போட்டாச்சுன்னு அம்மா சொன்னாங்க" என்றாள் நாகமணி. "பன்னெண்டு மணிக்கு ஆட்டறதுக்கு வரச் சொல்லியிருக்காங்க. எண்ணெ நான் கொண்டாரனுங்க. தூக்குச் சட்டியில ஊத்தி மூடிக் கொண்டாந்தர்றேன், பாக்கெட்டோட வந்தாத் தெருவுல பாப்பாங்க."

அவர் முடிச்சைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"காலிக் கவரையும் எங்கூட்டு அடுப்புலயே போட்டர்றனுங்க. உங்க வெந்நி அடுப்புல அது முழுசா எரிய மாட்டேங்குது. ஒவ்வொரு தடவையும் காலையில கரண்டிய வெச்சுச் சொரண்டித்தான் எடுக்கோணும்."

வெந்நீர் அடுப்பைக் காலையில் பற்ற வைக்கிறது யார். புறவாசலைக் கூட்டி, சாம்பலை அள்ளி, மட்டையைச் செருகித் தீக்குச்சியைக் கிழிக்கிறது யார். பதினான்கு வருடம். அவர் வாயைக் கொப்பளித்துக்கொண்டு மூச்சை அடக்கிய ஒவ்வொரு காலையிலும் அவள் அங்கேதான் குத்துக்காலிட்டு ஊதிக்கொண்டிருந்தாள், கருகிய உறையைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். அப்புறம் எழுந்து கையைக் கழுவிக்கொண்டு கடைக்கு வந்து தன் அட்டையை நீட்டி எண்ணெய் வேண்டாம் என்றிருக்கிறாள், மாதா மாதம். அவள் முகத்தை ஒரு தடவை பார்த்தார். கோபம் இருந்தால் பிடித்துக்கொள்ளலாம், ஏளனம் இருந்தால் அதையாவது பிடித்துக்கொள்ளலாம். வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, மத்தியான வேலையைக் கணக்குப் போடுகிற ஒரு முகம்தான் இருந்தது.

"நாகமணி" என்றார்.

"எம்பேர இன்னிக்குக் கூட்டத்துல படிக்கோணுமாட்ட இருக்குது. எல்லாரும் பாத்துட்டாங்க, படிக்காம உடவும் முடியாது" என்றாள் அவள். கூடையை இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். "வடை சுட்டு முடிச்ச பொறகு படியுங்க. பாதி வேலையில எந்திரிச்சுப் போனா அம்மா ஒத்தக் கையில என்ன பண்ணுவாங்க. வரட்டுங்களா?"

"செரி" என்றார் வெள்ளியங்கிரி.

அவள் காலனிப் பக்கம் திரும்பி நடந்தாள். கூடையின் மேலாக, எதையும் போட்டு மூடாமல், அந்த மஞ்சள் பாக்கெட் வெயிலில் தெரிந்துகொண்டே போனது. அவர் சைக்கிளை ஏறாமல் உருட்டினார். செரி என்று எதற்குச் சொன்னோம், எண்ணெய்க்கா, பேருக்கா என்று யோசித்தார். வழியில் பந்தலுக்கு மூங்கில் இறக்கிக்கொண்டிருந்தார்கள், யாரோ வணக்கம் வைத்தார்கள், இவரும் வைத்தார். வாசகம் தானாக வாய்க்குள் ஓட ஆரம்பித்தது. எங்கள் வீட்டு அடுப்பில். அங்கே நின்றது. மறுபடியும் முதலிலிருந்து தொடங்கியது, மறுபடியும் அதே இடத்தில் நின்றது. தோப்பு முனை வந்து சிவப்பு வட்டங்கள் கண்ணில் பட்டபோதும் அடுத்த வார்த்தை வரவில்லை. சாயங்காலத்துக்குள் வந்துவிடும் என்று அவருக்குத் தெரியும்.